பூவரச மரத்தைப் படம் பிடிக்கப் போனது

1934 ஜூலை 17, செவ்வாய்
ஆடி பிறந்துவிட்டது. தாட்சாயிணியை வேப்பம்பட்டுக்கு அழைத்துப்போக அவள் அண்ணன் வேம்புலி காலை ரயிலிலேயே வந்துவிட்டான். கல்யாணமாகி மூன்று மாதம். இதுவரை என்னிடம் அவள் முழுசாகப் பத்து வார்த்தை பேசியிருப்பாளா? கிளம்பும்போதும் என் அம்மாவிடம்தான் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லையா?

ஜூலை 19
வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆபீசிலிருந்து வரவே மனசில்லை.

ஜூலை 22, ஞாயிறு
என் மூளைக்கு ஒரு சபாஷ்! மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய காமிராவைத் தூக்கிக்கொண்டு வேப்பம்பட்டுக்கு ரயிலேறினேன். ஆடியில் பெண்டாட்டியைப் பார்க்கத்தான் தடை. மாமியார் வீட்டுப் பூவரச மரத்தைப் பார்க்கத் தடையில்லையே.

அத்தை கன்னியம்மாள் வாசலிலேயே மறித்துவிட்டாள். "இன்னா மாப்ளே, ஆடியில?"

"காத்துல மரம் ஆடறத ஒரு படம் எடுக்கணும் அத்தே."

"ஏன், அம்பத்தூர்ல மரம் ஆடலியா?"

இதற்குப் பதில் யோசித்து வைக்காமல் போய்விட்டேன். "உங்க ஊட்டு மரம் மாதிரி வராது" என்று உளறினேன். அத்தைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது; எனக்கு மோர் கிடைத்தது. தாட்சாயிணி தலையே காட்டவில்லை.

ஜூலை 23
படம் விழுந்த கண்ணாடி பிளேட்டை மருந்தில் கழுவிப் பார்த்தேன். இந்தக் காமிராவில் லென்ஸ் மூடியைத் திறந்து, 'ஒன்று' எண்ணி மூடவேண்டும். அதற்குள் இலையெல்லாம் ஆடித் தீர்த்துவிட்டது. மரத்துக்குப் பதில் கொஞ்சம் புகை! ரொம்ப நல்லது. மறுபடி போகவேண்டுமே.

ஜூலை 30
நேற்று போனேன். மூடியைத் திறக்கிற நேரம் பார்த்துக் குடத்தோடு வந்தவள், என்னைக் கண்டதும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். படத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கிறது. அதுதான் என் சம்சாரம். எதுக்கு ஓடணும்? நான் இன்னா புலியா, கரடியா? சே, போதும். இனிமே அந்தப் பக்கமே போறதில்ல.

ஆகஸ்ட் 5, ஞாயிறு
போனேன்.

வேம்புலியிடம் அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்து, அதை உள்ளே எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தான். பிறகு என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. "எல ஆடுது, அவ்ளோதான? நான் புடிச்சிக்கிறேன், நீ எடு மச்சான்" என்று மரத்தில் ஏறிக் கிளையைக் கட்டிக்கொண்டான். கிளையோடு அவனும் ஆடினான்! அத்தை கீழே நின்று, "வுழுந்து தொலைக்கப் போற, எறங்குடா!" என்று கையை வீசிக் கத்தினாள். நான் மூடியைத் திறந்தேன்.

அப்போது வேலியோரம் தாட்சாயிணி வந்து நின்றாள். ஓடவில்லை. என்னையே பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் சரியாக நினைவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு
பிளேட் கரியாகக் கறுத்திருந்தது. வெளிச்சம் ஏகத்துக்கும் ஏறினால் பிளேட் இப்படித்தான் கறுக்கும். இன்று நாளெல்லாம் வெயிலில் வைத்துத்தான் அச்சு எடுக்க முடிந்தது. இலையெல்லாம் பஞ்சு. வேம்புலி ஒரு மூட்டை. அத்தைக்குக் கைகளே இல்லை. ஓரத்தில் தாட்சாயிணி மட்டும், மூக்குத்தி வரைக்கும் பளிச்சென்று நிற்கிறாள். எத்தனை தரம் எடுத்துப் பார்ப்பது!

ஆகஸ்ட் 17, வெள்ளி
ஆவணி ஒன்று. வந்துவிட்டாள். படத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"மூடியத் தொறந்ததுமே மூச்ச புடிச்சிக்கினு நின்னேன். மூடுவீங்க, மூடுவீங்கன்னு பாத்தா மூடவே இல்ல. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. எத்தினி எண்ணினீங்க?"

"ஒண்ணுதான் எண்ணணும். உன்னப் பாத்ததும் எண்ணவே மறந்துட்டேன்."

சிரித்துவிட்டாள்.

"நீ ஏன் மூச்சப் புடிச்சிக்கினு நின்ன?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "போன தபா வெறும் கோடாப் பூட்டேனே. ஆடி முடிய இன்னும் எத்தினி நாள் கெடந்துச்சு... அது வரிக்கும் வெச்சிப் பாத்துக்கினு இருப்பீங்களேன்னுதான்."

அம்மா சாப்பிடக் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.