ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷம்

என்னங்க,

இன்று காலை காரைத் துடைக்கப் போனேன். பத்து மணிக்கு அதை விலைக்கு வாங்க ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். நீங்கள் போன இந்தப் பத்து மாதத்தில் வாரம் ஒருமுறை மருமகன் வந்து ஸ்டார்ட் போட்டு வைப்பதோடு சரி. கதவைத் திறந்ததும் உங்கள் யூனிஃபார்மின் மெஷின் ஆயில் வாசனை. டேஷ்போர்டுக்குள் உங்கள் ரயில் சீசன் டிக்கெட், ஒரே ஒரு மாதத்துக்கானது. அதைப் பார்த்ததும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டில் எப்படி இருந்தோம்! மதியச் சங்கு ஊதினால், நான் சோறு வடித்து முடிப்பதற்குள் கம்பெனியிலிருந்து நடந்தே வந்து நிற்பீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள். அதுவும் பாதி நாள் சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

சொந்த வீட்டுக்கு ஆசைப்பட்டது தப்பில்லை, நானும்தான் ஆசைப்பட்டேன். ஆனால் வேப்பம்பட்டில் மனையைக் காட்டி என்ன சொன்னீர்கள்?

"ஸ்டேஷன் தோ, அஞ்சு நிமிஷம். ஏறிக் குந்திக்கினா கம்பெனி. பேஜாரே இல்ல."

"அந்த ரயிலு கும்முடிப்பூண்டி போவுமாங்க?"

"எல்லா ரயிலும் மெட்ராஸுக்குத்தானே போவுது!"

வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை அடி என்று அளந்தீர்களே தவிர, அந்தத் தண்டவாளம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. சென்னை வரை போய், வேறு லைனுக்கு மாறி, மறுபடி வடக்கே போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு ஒரே மாதத்தில் ஓய்ந்துபோனீர்கள். அப்புறம் கார் வந்தது. திருப்பாச்சூர் கோயிலில் பூஜை போட்டு, நாலு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டு, "முடியாத நாளுக்கு மட்டும்தான் எடுப்பேன்" என்றீர்கள். முடிந்த நாள் எது? கொத்தமல்லி வாங்கக்கூடக் கார்தான். நம் தெருவில் வீடுகள் வந்தன, வாசலுக்கு வாசல் கார் வந்தது, ஒரு மளிகைக் கடை வரவில்லை.

விடியும் முன் கிளம்பி, இருட்டிய பின் வருவீர்கள். முனையில் திரும்பும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பீர்கள், நான் தோசைக்கல்லைப் போடுவேன். தின்றதும் படுத்துவிடுவீர்கள். இப்படியே எட்டு வருடம். பகலில் உங்கள் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"கார வித்துட்டு ஆஸ்பத்திரிக்கு எப்டிம்மா போவ?" என்று மகள் போனில் கத்துகிறாள். "வெச்சுக்கினு மட்டும்? நான் இன்னா ஓட்டவா போறேன்?" என்று நானும் கத்தினேன். இந்த வீட்டில் காரோடும் இருக்க முடியவில்லை, கார் இல்லாமலும் இருக்க முடியாது. இப்படி ஓர் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

வந்தவர், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துக்கினு வரேம்மா" என்று சாவியை வாங்கிப்போனார். நான் உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் முனையில் இரண்டு தடவை ஹாரன்.

என்ன செய்கிறேன் என்று உறைத்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன் மேல் தோசைக்கல். தனியாளுக்கு எதற்கு என்று மாவு அரைப்பதையே நிறுத்தி மாதக்கணக்காகிறது.

வெளியே போனேன்.

"வண்டி நல்லா கீதும்மா. குடுத்துடுறீங்களா?"

"ஊட்டையும் சேத்து எடுத்துக்கினாதான் குடுப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். உள்ளே கல் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.