ஜிஜியை முதலில் எழுதியவள்

யார்மோ,

"ஒரு வரி மன்னிப்புக் கேட்டுடேன், விஷயம் முடிஞ்சிடும்" என்று காலையில் நீ சொன்னபோது நான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, மனத்துக்குள் நேற்றைய கணினி ஆட்டத்தை இன்னொரு முறை ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

சால்மன் சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது. கொதிக்க விடாதே, பால் திரிந்துவிடும். சானா, அந்த நீராவிக் குளியல் அறையின் சாவி என் பச்சைக் கோட்டில். உன் அணிக்காரன் பென்ட்டி ஆறு மணிக்கு வருகிறான், மன்னிப்பை நேரில் வாங்கிக்கொள்ள.

ஆட்டம் முடிந்ததும் 'ஜிஜி', நல்ல ஆட்டம் என்று தோற்றவர்தான் முதலில் எழுத வேண்டும். ஜெயித்தவர் முந்திக்கொண்டால் அது கேலி. எனக்குத் தெரியாததா? 'நூப்' என்றால் ஒன்றும் தெரியாத கற்றுக்குட்டி என்பதும் தெரியும். நான்கு வருடமாக உங்கள் அணியில் என் பெயரே அதுதான். "நம்ம நூப்பு இன்னிக்கு யாரைச் சுடப்போகுது, நம்மளையேவா?" என்பான் பென்ட்டி. நீயும் சிரிப்பாய்.

நேற்று மதியம் வேறு அணியில் சேர்ந்து உங்களைத் தோற்கடித்தேன். பத்து நிமிடம் திரையைப் பார்த்துக் காத்திருந்தேன். உங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் எழுத மனம் வரவில்லை. நீயும் எழுதவில்லை. அதனால் நான் எழுதினேன்.

ஹில்க்கா

பென்ட்டிக்கு வெங்காயம் ஒத்துக்கொள்ளாது, சூப்பில் போடவில்லை.

என் பெயரில் மன்னிப்பை நீயே எழுதி அனுப்பிவிடாதே. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன்.

அக்கா வீட்டிலிருந்து ஏழு மணிக்குத் திரும்பிவிடுவேன். வந்த பிறகும் கேட்க மாட்டேன்.