தலைவர் தராத சீட்டு

ஒல்கோவ்கா கிராமம்,
1955 ஆகஸ்ட் 11

அன்புத் தங்கை கிளாவ்தியாவுக்கு அக்கா பெலகேயா எழுதுவது. நானும் என் மகள் ஸினாவும் எங்கள் பசுவும் சுகம். மற்றபடி இங்கே ஒன்றும் சரியில்லை.

உங்கள் நகரத்து நர்ஸ் பள்ளியில் ஸினாவுக்கு இடம் கிடைத்ததே, செப்டம்பர் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். கூட்டுப்பண்ணைத் தலைவர் சீட்டு எழுதித் தந்தால்தானே பாஸ்போர்ட்? அது இல்லாமல் கிராமத்து ஆளை நகரத்தில் தங்க விடமாட்டார்களே. தலைவர் புரோகோர் இல்யிச்சிடம் மூன்று முறை நடந்துவிட்டேன். முதலில், புல் அறுப்பு முடியட்டும் என்றார். அப்புறம், உருளைக்கிழங்கு தோண்டி முடியட்டும் என்றார். அது முடிய செப்டம்பர் கடைசியாகும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா?

நேற்று நேராகவே சொல்லிவிட்டார். "ஏம்மா பெலகேயா, பால் கறக்குறதுல மாவட்டத்துக்கே முதல் ஆளு உன் மக. அவள அனுப்பிட்டா பதினாலு மாட்டையும் நீ வந்து கறப்பியா? இல்ல, நான் கறக்கணுமா?" அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே சுவரில் சிவப்புச் சட்டம் போட்டு அவள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். மாட்டியபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்த முட்டாள் நான்தான். பக்கத்து வீட்டு லூஷா பாலைச் சிந்திச் சிந்தியே சீட்டு வாங்கிவிட்டாள்!

வீட்டுக்கு வந்து, "இனிமே அரைகுறையாக் கறடி" என்றேன். "மடி கட்டிக்கும்மா. மாடு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பையனாயிருந்தால் பட்டாளத்துக்குப் போய் அப்படியே தப்பித்திருப்பான். பெண்ணுக்கு இருக்கிற ஒரே வழி நகரத்தில் கல்யாணம். அதை மட்டும் தலைவர் தடுக்க மாட்டார். உன் வீட்டுக்காரரோடு ஆலையில் வேலை செய்கிற அர்காதியைப் பற்றிப் போனமுறை வந்தபோது சொன்னாயே, பெண்டாட்டி செத்துப்போனவர் என்று. அவருக்கு நாற்பத்தொரு வயது, தெரியும். ஸினாவுக்குப் பத்தொன்பது, அதுவும் தெரியும். குடிப்பாரா என்று கேட்கவில்லை; யார்தான் குடிக்கவில்லை? கை நீட்டுவாரா, படிக்க விடுவாரா, இந்த இரண்டை மட்டும் விசாரித்து எழுது.

ஸினாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அப்பா போரிலிருந்து திரும்பியிருந்தால் இதற்கு என்னைக் கொன்றே போட்டிருப்பார். நீயும் திட்டுவாய். திட்டு, ஆனால் சீக்கிரம் பதில் போடு.

கடவுள் உன் பிள்ளைகளைக் காப்பாற்றட்டும். படிக்கப் போவதற்காக அவர்கள் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். அங்கே வந்தபிறகு ஸினா "அம்மாகிட்டயே போறேன்"னு அழுவாள். எவ்வளவு அழுதாலும் என்னிடம் திருப்பி அனுப்பிவிடாதே.

உன் அக்கா,
பெலகேயா