வடியும், துடைப்பான்

மச்சாள்,

இன்று காலை லிஃப்டில் அந்த வாசம் வந்தது. நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்த பருத்தித் துணியின் புளித்த வாசம். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் தன் மகனை இடுப்பில் வைத்திருந்தாள். நான்கு வயதிருக்கும். நாடியிலிருந்து வயிறுவரை சட்டை ஈரம். என்னைக் கண்டதும் அவன் முகத்தைத் தன் தோளோடு அமர்த்தி மறைத்தாள். "மறைக்காதையும் பிள்ளை" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்து அவள் போய்விட்டாள்.

நீங்களாக இருந்தால் கதவுக்குள் காலை வைத்து லிஃப்டை நிறுத்தியிருப்பீர்கள். அந்த வாசத்தோடு வெள்ளவத்தையில் நீங்கள் வாடகைக்கு இருந்த வீடு முழுவதும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ரயில் போகும்போது நடுங்கும் யன்னல், கடற்காற்றில் எப்போதும் சரியாகக் காயாத துவாய்த்துண்டுகள், அவற்றுக்கு நடுவே கந்தோர் வேலைக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டு நிற்கும் நீங்கள்.

சண்டைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு, சேந்தனைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றேன். உங்கள் தம்பி, என் மனுசன், அதற்கு முன்பே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். வாயிலிருந்து வீணீர் ஓயாமல் வடியும். கொழும்பில் டாக்டர் பார்த்துவிட்டு ஓட்டிசம் என்றார். எங்கள் சொந்தக்காரருக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. அவர்களிடம் வேறு காரணம் தயாராக இருந்தது.

"வயித்தில இருக்கேக்க என்னத்துக்கடி ஆசைப்பட்டனீ? அது கிடையாமப் போனாத்தான் பிள்ளைக்கு வீணி வடியும்."

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ஐஸ்பழம். மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், குப்பி விளக்குக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு ஐஸ்பழம் தின்ன ஆசை வந்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. எண்ணெய்க்கும் சாமானுக்கும் தடை போட்டது அரசாங்கம், குற்றவாளி நான்! கிருலப்பனைப் பெரியம்மா த்ரீவீலரில் வந்து இறங்கி, உருகி ஒழுகும் ஐஸ்பழத்தைச் சேந்தனின் உதட்டில் பூசினா. "இனிப் பார், எல்லாம் நிக்கும்" என்றா. கோபத்தில் எனக்குக் காது சுட்டது. பெரியவ என்றபடியால் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தக் கிழமைதான் பாலர் பள்ளிக்கும் போனோம். அதற்கு முன் போன இடங்களில் எங்களை வாசலோடேயே அனுப்பிவிட்டார்கள். இந்த ரீச்சர் மட்டும் உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னா. ஆனால் அவவுக்கும் ஒரு சங்கடம் இருந்தது.

"பிள்ளையில குறை சொல்லேல்ல, அம்மா. மற்றத் தாய்மார் விளையாட்டுச் சாமானில எச்சில் படுதெண்டு சண்டைக்கு வருவினம். வாயைக் காயப் பழக்கிப்போட்டுத் தையில கொண்டுவாங்கோ. சேர்க்கிறன்."

வீட்டுக்கு வந்து குசினியில் குந்தியிருந்து அழுதேன். இந்தப் பள்ளியும் இல்லாவிட்டால் என் பிள்ளை நாலு சுவருக்குள்ளேயே வளர்ந்துவிடுவான் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுசி நீங்கள்.

"அழுது முடிச்சிட்டியோ? முகத்தைக் கழுவிப்போட்டு வா. அலுவல் இருக்கு."

வந்தேன். "பெரியம்மா ஐஸ்பழம் பூசேக்க பெடியன் வாயை மூடி விழுங்கினவன். கவனிச்சனியோ?" என்று கேட்டீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களுமோ மச்சாள்? அந்தக் கதையை நீங்களும் நம்புறியளோ?"

"விசரி! அந்தக் கதையைத் தூக்கிக் கடலில போடு. டாக்டர் என்ன சொன்னவர்? எச்சில் கூடுதலாச் சுரக்கேல்ல, வாயில நிறைஞ்சு நிக்கிறது அவனுக்குத் தெரியேல்ல, அதால விழுங்கிறானில்லை எண்டெல்லோ சொன்னவர்? குளிர் பட்டா அவனுக்குத் தெரியுது. பெரியம்மா சொன்ன காரணம் பிழை. கொண்டுவந்த சாமான் சரி."

கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினோம். குளிர்ந்த கரண்டியை உதட்டில் ஒற்றுவதைப் பிள்ளைக்குப் பிடித்தால் மட்டும் செய்யச் சொன்னா. மாயமந்திரம் இல்லை, கனகாலம் எடுக்கும், சில பிள்ளைகளுக்கு முழுதாக நிற்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னா. இழுத்துத் துடைக்காமல் மெல்ல ஒற்றி எடுக்கவும், ஸ்ட்ரோவால் உறிஞ்சிக் குடிக்கப் பழக்கவும் காட்டித் தந்தா. வரும் வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். ஒரு பொலிஸ்காரி என் பைக்குள் கையை விட்டு, ஈரத்தில் பட்டதும் வெடுக்கென்று எடுத்தாள். "மேக்க மொக்கத?" இது என்ன என்று அதட்டினாள். நீங்கள் சிங்களத்தில் அமைதியாக, அது எங்கள் மகனின் எச்சில், வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு துணியாக மேசையில் விரித்தீர்கள். அவள் போதும் போதும் என்று கையைக் காட்டிய பிறகும் கடைசித் துணிவரை விரித்துவிட்டுத்தான் மடித்தீர்கள். எனக்கு உயிர் போய் வந்தது. பஸ்ஸில் ஏறியதும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தத் துணிகள் உங்கள் பருத்திச் சேலைகள். கந்தோருக்குக் கட்டுகிற நல்ல சேலைகளையே வெட்டினீர்கள். அவன் சட்டைக்குப் பொருந்தும் நிறமாகப் பார்த்து வெட்டினீர்கள். காலையில் பம்பலப்பிட்டிக்குத் தட்டச்சு வேலைக்கு ஓடுவதற்கு முன், கண்ணாடிக்கு முன்னால் அவனை மடியில் வைத்துக் குளிர்ந்த கரண்டியை உதட்டில் ஒற்றுவீர்கள். "மூடு. விழுங்கு. என்ர ராசா." ஒவ்வொரு நாளும் அதே சொற்கள், அதே குரல். அவன் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு விட்டுவிடுவீர்கள். பிறகு அவன் சட்டையின் இடது கை முனையில் துவாய்த்துணியைப் பட்டியாகத் தைத்தீர்கள். அவன் கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய், ஒற்றி, இறக்குவோம். மறுபடியும் கொண்டுபோவோம்.

தை மாதம் வந்தது. வாய் காயவில்லை. வடிவது குறைந்திருந்தது, நிற்கவில்லை. அடுத்த வருசம் பார்ப்போம் என்று நான் சொன்னேன்.

"வடியுமெண்டு சொல்லியே கொண்டுபோவம்" என்றீர்கள். லீவு போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

ரீச்சர் அவனுக்கு முன்னால் மரக்கட்டைகளைக் கொட்டினா. அவன் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். அடுக்குகிற கவனத்தில் வாய் திறந்துகொண்டது. நூல்போல ஒரு துளி இறங்கியது. ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தா. நான் துணியோடு பாய்ந்தேன். நீங்கள் என் மணிக்கட்டை நோகப் பிடித்தீர்கள்.

"பொறு."

துளி கட்டையில் விழுந்தது. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. சேந்தன் கட்டையைப் பார்த்தான். இடது கையைத் தூக்கினான். வாயில் வைத்து ஒற்றினான். பிறகு அதே கையால் கட்டையையும் ஒற்றினான். திரும்ப அடுக்கத் தொடங்கினான்.

"ரீச்சர், வடியும். ஆனா துடைப்பான்" என்றீர்கள். "உங்கட மற்றப் பிள்ளையளுக்கு மூக்கு வடியேக்க எத்தினை பேர் தாங்களாத் துடைக்கினம்?"

ரீச்சர் சிரித்துவிட்டா. "திங்கக்கிழமை கொண்டுவாங்கோ."

சேந்தன் இப்போது ஒரு அச்சகத்தில் தாள் அடுக்குகிறான், மச்சாள். கூர்ந்து வேலை செய்தால் இன்னும் வடியும். சட்டைக் கையில் பட்டி இருக்கிறது. பேச்சு கொஞ்சம்தான், தேவைக்கு மட்டும்.

சண்டை முடிந்து சில வருசத்தில் நீங்கள் பாரிசவாதத்தில் விழுந்தீர்கள். வாயின் ஒரு பக்கம் சரிந்து, அதன் வழியே வடிந்தது. நேர்ஸ் துடைக்க வந்தாலும் நான் துடைக்க வந்தாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினீர்கள். சாவடியில் அத்தனை துணியையும் விரித்த மனுசிக்கு என்ன வெட்கம் என்று எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்போதுதான் சேந்தன் வேலை முடிந்து வந்தான். கட்டிலின் மறுபக்கம் போய் இருந்தான். இடது கையை எடுத்து உங்கள் கடைவாயில் மெல்ல ஒற்றினான்.

"மூடு" என்றான். "விழுங்கு." கொஞ்சம் பொறுத்து, "என்ர ராசா" என்றான்.

அவன் படித்தது அப்படித்தான், முழுதாக. நீங்கள் வாயை மூடினீர்கள். விழுங்கினீர்கள். அதன் பிறகு கடைசிவரை அவனிடம் முகத்தைத் திருப்பவில்லை.

இன்று பின்னேரம் என் பழைய சேலை ஒன்றை வெட்டினேன். கரண்டி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நாளைக்குச் சேந்தனுக்கு லீவு. அவனையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போகிறேன். அந்தப் பெண்ணிடமும் இந்நேரம் யாராவது வந்து, வயிற்றில் இருக்கும்போது எதற்கு ஆசைப்பட்டாய் என்று கேட்டிருப்பார்கள். அவள் கதவைத் திறக்காவிட்டால் மறுபடி தட்டுவேன். திறந்ததும் மகனின் முகத்தை மறைப்பாள். அப்போது நீங்கள் சொன்னதைத்தான் சொல்வேன், மச்சாள். வடியும், பிள்ளை. துடைப்பான்.