வலது தோளில் ஒரு தட்டு

ராயப்பன்பட்டி,
15 நவம்பர் 2008

அன்பு மகன் பெனடிக்டுக்கு,

நீயும் எஸ்தரும் அந்தக் குளிர் ஊரில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டு அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். 'இருவரும்' என்று எழுதியதும் எழுந்துபோய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா காலைப் பூசை முடிந்த கையோடு புல்லட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் குமுளிக்குப் போயிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். குழம்பு ஆறி, திரும்பச் சுடவைத்து, அதுவும் ஆறிவிட்டது. ஏன் போனார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். பிப்ரவரியில் நாங்கள் நியூசிலாந்து வரும்போது பைக் பயணத்தைக் கம்பெனி மூலம், வழிகாட்டியோடு ஏற்பாடு செய்யலாமா, அல்லது அப்பா விரும்புகிறபடி வண்டியை வாடகைக்கு எடுத்து நாமே வழி போட்டுக்கொண்டு போகலாமா என்பது ஒன்று. அப்பாவுக்கு உன் மேல் என்ன கோபம், நீ போன் செய்தால் 'நல்லா இருக்கேன்டா, இந்தா அம்மாகிட்டப் பேசு' என்று ஏன் கொடுத்துவிடுகிறார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். இத்தனை வருடம் வாத்தியார் வேலை பார்த்ததில் இப்படி ஒரு வினாத்தாளை நான் கண்டதில்லை.

இதைப் போனில் சொல்ல முடியாது. நான் பேசும்போது அப்பா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஈமெயிலும் ஆகாது; உத்தமபாளையம் பிரவுசிங் சென்டருக்கு இருவரும் சேர்ந்துதான் போகிறோம். அதனால்தான் இந்தத் தபால்.

கம்பெனி ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ அனுப்பிய வண்ணப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். முன்னால் வழிகாட்டி, பின்னால் மெக்கானிக்கோடு வேன், பொழுது சாய்ந்தால் ரூம், பஞ்சரானால் அது அவர்கள் பாடு. உனக்கு லீவு கிடைக்காது. தெரியாத ஊரில் தாய் தகப்பனைப் பொறுப்பான ஒரு ஆளிடம் ஒப்படைக்க நினைக்கிறாய். என் மூட்டுவலியை நினைத்து எனக்கு வேனிலே சீட்டுப் போடச் சொல்லியிருக்கிறாய். பெற்ற வயிறு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

டயர் கடை உமர் பாருக் மாமாவும் உன் கட்சிதான். போன வருடம் ஹஜ்ஜுக்குப் போய்வந்ததிலிருந்து எந்தப் பேச்சுக்கும் அவருக்கு அங்கிருந்துதான் உதாரணம். "அண்ணே, அங்கன எத்தன லட்சம் சனம்! எங்க குரூப்புக்காரரு ஒரு பச்சக் கொடிய ஒசக்கப் புடிச்சுக்கிட்டே போனாக. கொடியப் பாத்தமா நடந்தமான்னு போயிக்கிட்டே இருந்தோம். தெரியாத ஊர்ல என்னத்துக்கு வீராப்பு?" என்றார். அப்பா விடவில்லை. "அல்லாகிட்டப் போறதுக்குக் கொடி வேணும்யா. நான் ஊர் சுத்தப் போறேன். கொடிக்குப் பின்னால போனா கொடியத்தான பாக்கலாம்?" என்றார். அதற்கு மாமா, "ஆமா, நீங்க பெரிய மாலுமி. கோம்பையில கெடா வெட்டுக்குப் போக வழி தெரியாம பண்ணைப்புரத்துல போயிப் பந்தியில உக்காந்த ஆளுதான" என்றார். இருவரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அப்பாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய வரைபடம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. என் தையல் நூலை எடுத்து, சாலையின் வளைவுகள் மேலே வைத்து வைத்து, பிறகு நீட்டி அளக்கிறார். காலையில் ஒரு வழி போடுவார், சாயங்காலம் அதை அழித்துவிட்டு வேறு வழி; போன ஞாயிறு வரைக்கும் இதே வேலைதான். உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஊர்ச் சாலை விதிகளில் அவருக்குத் தெரியாத குறி ஒன்றுகூட இல்லை. ஒற்றை வண்டி மட்டும் போகிற பாலத்தில் சிவப்பு அம்பு நம் பக்கம் இருந்தால் நாம் நிற்க வேண்டும் என்று, சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தைப் பாலமாக வைத்து எனக்குப் பாடம் நடத்துகிறார். பாடம் முடிந்ததும் பாலத்தைத் தின்றுவிடுகிறார்.

நான் எந்தப் பக்கம் என்றுதானே கேட்பாய்? வருடா வருடம் பிள்ளைகளைத் தேக்கடிக்குச் சுற்றுலா கூட்டிப்போனவள் நான். வரிசை, விசில், தலை எண்ணுதல். ஒரு பிள்ளையும் தொலைந்ததில்லை. திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் படகு, யானை, புளியோதரை என்று ஒரே கட்டுரையை எழுதுவார்கள். பூமாரி என்று ஒருத்தி மட்டும், செருப்பு அறுந்து வரிசையை விட்டுப் பின்தங்கியவள், கிளையில் தலைகீழாகத் தொங்கிப் பலா தின்ற மலை அணிலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். முதல் மதிப்பெண் அவளுக்குத்தான் கொடுத்தேன். ஆனால் அவள் பின்தங்கிய இடத்தில் அணிலுக்குப் பதில் பாம்பு இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? ஆகவே இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எது நல்லது என்று கேட்டால் விடை வராது. யாருக்கு எது நல்லது என்று கேட்டால்தான் வரும்.

சற்று நிறுத்திவிட்டு மறுபடி வாசலுக்குப் போனேன். மேற்கே மலை தெரியவில்லை, மேகம் மூடியிருக்கிறது. எதிர்வீட்டுச் சோணையம்மாள், "என்ன டீச்சர், பரீட்சைக்குப் பிள்ளைய அனுப்பிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறீக?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நீ மையால் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தாய். எல்லாருடைய ஹெல்மெட்டிலும் சிறிய ஸ்பீக்கர் இருக்குமாம். முன்னால் போகிற வழிகாட்டி 'இடதுபக்கம் திரும்பு, பாலம் வருகிறது, பின்னால் லாரி வருகிறது' என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வருவாராம். பயமே இல்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். அப்பா அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடி பீரோ மேலே வைத்துவிட்டார்.

பெனடிக்ட், அப்பாவுக்குக் காது கேட்பதில்லை.

மூன்று வருடமாயிற்று. வலது காது முழுவதும் போய்விட்டது. இடது காதில், பக்கத்தில் நின்று பேசினால் கொஞ்சம் விழும். போடிக்கு ஏலக்காய் ஏலத்துக்குப் போவதைக் கால்வலி என்று நிறுத்தினாரே, கால் நன்றாகத்தான் இருக்கிறது. கூறுகிற விலை காதில் விழாமல் நல்ல சரக்கெல்லாம் கண்ணெதிரே கைமாறிப் போயிற்று. கோயிலில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்குகிறவர் இப்போது முதல் வரிசையில் உட்காருகிறார். பங்குச்சாமி பக்தி வந்துவிட்டது என்று பாராட்டினார். சாமியின் உதட்டைப் பார்க்கத்தான் அந்த முதல் வரிசை. தேனியில் டாக்டர் ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டத் தடையில்லை என்று சான்றும் எழுதிக் கொடுத்தார். ஆனால் அதன் மேல் ஹெல்மெட்டைப் போட்டால் விசிலடிக்கிறது. "காதுக்குள்ள குக்கர் வேகுது" என்று கழற்றிப் பவுடர் டப்பாவில் போட்டுவிடுகிறார்.

பிறகு எப்படி ஓட்டுகிறார் என்று நீ பதறுவாய். நான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் புல்லட் சத்தத்திலும் காற்றிலும் நான் பேசுவது அவருக்குக் கேட்காது. டீக்கடையில் நிறுத்து, கொய்யாப்பழம் வாங்கு, சேலை பறக்கிறது, மெதுவாகப் போ என்பதற்கெல்லாம் முதுகில் தட்டிப் பழகினேன். அது விளையாட்டு. இப்போது அதுவே அவருக்குக் காது. பின்னால் வண்டி வந்து ஆரன் அடித்தால் வலது தோளில் ஒரு தட்டு. அது முந்திப் போகிறது என்றால் அதே தோளில் அழுத்திப் பிடிப்பேன். முதுகு நடுவில் விரலால் குத்தினால் நிறுத்த வேண்டும். இந்த மூன்று வருடத்தில், இன்று காலை வரைக்கும், அவர் என்னை விட்டுவிட்டு வண்டி எடுத்ததே இல்லை. டீச்சரம்மாவுக்கு இந்த வயதில் என்ன பவிசு என்று ஊரில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

போன் விஷயமும் இதுதான். உன் குரல் அவருக்கு வெறும் இரைச்சல். தவறாக ஏதாவது பதில் சொல்லி நீ கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயந்து என்னிடம் தந்துவிடுகிறார். வைத்ததும் விடமாட்டார். என்ன சொன்னான், முதலில் எதைக் கேட்டான், சிரித்தானா என்று கேட்பார்; நான் வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிக்க வேண்டும். அதைக் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். உன் ஆசையைக் கெடுக்க மனமில்லாமல் நானும், வேனிலேயே வருகிறேன், அப்பா தனியாக ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். அவரிடமும் சொன்னேன். அதிலிருந்து நூலைத் தொடவில்லை. வரைபடத்தின் பக்கமும் போகவில்லை. இன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு, "ஆளில்லாம ஓட்ட முடியுதான்னு பாத்துட்டு வாரேன். முடிஞ்சா அவன் சொன்னபடியே போயிருவோம். ஆசையாக் கேக்குறான்ல" என்று சொல்லிப் புறப்பட்டார். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரைக்கும் மலைப்பாதை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மழை வேறு. நான் தடுத்திருக்கலாம். தடுத்தால், உன்னால் முடியாது என்று சொன்னது போல ஆகிவிடும். இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் பேனாவை வைத்தேன். இப்போது தொடர்கிறேன். வந்துவிட்டார்.

புல்லட் சத்தம் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் வரும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. நனைந்து போயிருந்தார். வண்டியின் கால்மிதி வளைந்திருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை, நீ பயப்படாதே. துண்டைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லிவிட்டு எதிரே நின்றேன். மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்கள் தெரியுமே, அந்த வளைவு வரைக்கும்தான் போயிருக்கிறார். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். ஆனால் கொண்டை ஊசி வளைவில் கண்ணாடியில் பாறைதானே தெரியும்? பின்னால் வந்த பஸ் எவ்வளவு நேரம் ஆரன் அடித்ததோ, ஒதுங்காமல் நடுவில் போயிருக்கிறார். அது உரசுகிற மாதிரி முந்தியபோது பதறி ஓடைப்பக்கம் வண்டியை விட்டுச் சாய்ந்துவிட்டார். "கண்டக்டரு தலைய வெளிய நீட்டி வைஞ்சான் பாரு, ஒரு வார்த்த விடாம அவன் வாயிலேயே படிச்சுட்டேன். உங்கிட்டச் சொல்ற மாதிரி ஒண்ணுகூட இல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சோற்றைப் போட்டேன். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி, "போக வர முதுகு சும்மாவே கெடந்துச்சு ரோசு" என்றார். அப்புறம் சாப்பிட்டு முடித்தார்.

யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். "வேன் வேணாம்னு எழுது. ஏன் எதுக்குன்னு எழுதாத" என்றார். தலையாட்டினேன். முதலாவதை இதோ எழுதுகிறேன். இரண்டாவதை அவர் சொல்வதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை. நீ தெரிந்துகொண்டதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. அவராகச் சொல்லட்டும்.

ஆகவே, ராசா, கம்பெனி வேண்டாம். பின்சீட் அகலமான வண்டி ஒன்று, இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வைத்தது, பார்த்து வை. என் மூட்டு அதற்குத் தாங்கும். தைலம் கொண்டு வருகிறேன். வழியை அவர் போடட்டும். தினமும் கொஞ்ச தூரம் போதும், அதை நான் பேசிக் குறைத்துக்கொள்கிறேன். தங்குகிற ரூம்களை மட்டும் நீயே முன்கூட்டிப் பேசிவிடு. போனில் பேசுவது ஒன்றுதான் அவரால் முடியாத காரியம். இரண்டு நாளாவது லீவு கேட்டுப் பார். கிடைத்தால் இன்னொரு வண்டியில் எங்களுக்கு முன்னால் போ. கொடி வேண்டாம் என்றவர் உன் முதுகை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

வேறு செய்தி இல்லை. திராட்சை இந்த முறை மழையில் வெடித்துவிட்டது. எஸ்தருக்கு ஏலக்காய் கொண்டு வருகிறேன். இருவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை வரைகிறேன். மாதா உங்களுக்கு முன்னும் பின்னும் துணையிருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. விமான நிலையத்தில் எங்களைக் கண்டதும் பின்னாலிருந்து 'அப்பா' என்று கூப்பிடாதே. அவர் திரும்ப மாட்டார், உனக்கு வலிக்கும். நேரே முன்னால் வந்து நில். முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசு. கூட்டத்தில் நான் உன்னை முதலில் பார்த்துவிட்டால் அவரைத் தட்டிச் சொல்கிறேன். மகன் வந்துவிட்டான் என்பதற்கு எந்தத் தோளில் தட்டுவது என்று நாங்கள் இன்னும் பேசிவைக்கவில்லை.

உன் வரவை முகத்துக்கு நேரே எதிர்பார்க்கும்,
அம்மா
ரோசம்மாள் பங்கிராஸ்