ஒற்றைச் சடைக்காரியும் ஸ்டேஷன் மாஸ்டரும்

ஒதியம்பட்டு,
மாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அபிதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கொட்டகையில் இருக்கிற மாடுகளும் சுகம். ஒசாகா குளிரில் நீ காலுறை போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள், வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் பேப்பர். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

பெரிய வயலில் கரும்பு வெட்டு முடிந்தது. ஏரித் தண்ணீர் இந்த வருஷம் பரவாயில்லை, நவரைப் பட்டத்து நெல் நட்டாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனால் வில்லியனூர்க் கோயிலைச் சுற்றி வரும்போது மட்டும் அது காணாமல் போய்விடுகிறது. சரி, இதெல்லாம் கேட்க நீ காத்திருக்கவில்லை என்று தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு உன்னைப் பெண் பார்க்க நெட்டப்பாக்கத்தில் இருந்து விஜயராஜும் அவன் அம்மா அமுதமும் வந்தார்கள். உன்னை வீடியோ காலில் டிவியில் பெரிதாகப் போட்டிருந்தோம். என்ன பிடிக்கும் என்று அவன் கேட்க, அந்த ஜப்பான் பொம்மைப் படம், அனிமே என்று நீ சொல்ல, எனக்கும்தான் என்று அவன் துள்ள, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்புறம்தான் வந்தது வினை. உனக்குப் பனிப்பேய் வேட்டை பிடிக்கும், அவனுக்கு மலையடி ஸ்டேஷன். நீ சிரித்துக்கொண்டுதான் சண்டை போட்டாய், அவனும் அப்படித்தான். பிள்ளைகள் இத்தனை நேரம் பேசுகிறார்களே, பிடித்துப் போய்விட்டது என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டார்கள். பையில் இருந்த மல்லிகையை எடுத்து, பூ வைத்துவிடலாம், நல்ல நேரம் போகிறது என்று சொல்லிக்கொண்டே உன் முகத்துக்கு மேலே டிவியில் தொங்கவிட்டார்கள். அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழிந்து, சுவரில் மாட்டுகிற படத்துக்குச் சரம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. “ஐயோ, எம்பொண்ணு உசுரோட இருக்கா” என்று உன் அம்மா கத்தின கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அதற்குள் நீ கட் பண்ணிவிட்டாய்.

அன்று சாயந்திரம் எனக்கு நீ அனுப்பியது இன்னும் போனில் இருக்கிறது. “என்னைக் கேக்காமயே பூ வெச்சிட்டீங்க இல்ல. இன்னாப்பா அது, ஒண்ணுமே நடக்காத கத, ஒருத்தன் ஸ்டேஷன்லயே குந்திக்கினு இருக்கான். அதப் போயி புடிக்கும்ன்றவரு என்னையும் வூட்லதான் குந்த வெப்பாரு” என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் கேட்காமல் வாய் திறக்காதவன் நான் என்று உனக்குத் தெரியும். அதனால் இரண்டு கதையையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவி எனக்குத்தான் என்று ஆகிவிட்டது, சீரியல் போச்சே என்று உன் அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் உன் கதை. நியாயமாகச் சொல்கிறேன், அசந்துவிட்டேன். தமிழிலேயே பேசுகிறார்கள், எனக்குச் சிரமமே இல்லை. அந்த ஒற்றைச் சடைக்காரி மரப்பாலத்தில் தனி ஆளாக நின்று பேய்களைத் தடுக்கிறாளே, அங்கே நான் என்னையும் மீறி விடாதே விடாதே என்று கத்த, அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது நீ ஏன் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாய், நர்சிங் முடித்த கையோடு ஏன் ஜப்பான் பாஷை படிக்க ஓடினாய் என்பதெல்லாம் இப்போதுதான் புரிந்தது. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. அவள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் அம்மா தூறலில் வாசலில் நிற்கிறாள். அதோடு சரி. அப்புறம் எத்தனை ஊர், எத்தனை சண்டை, அவள் ஒரு சேதி அனுப்பவில்லை, அந்த அம்மா சாப்பிட்டாளா இருக்கிறாளா ஒன்றும் தெரியவில்லை. கதை எழுதினவனுக்கு அந்த அம்மா ஞாபகமே இல்லை. எனக்கு இருந்தது.

அப்புறம் விஜயராஜுக்குப் பிடித்த கதை. இது தமிழில் இல்லை, கீழே ஓடும் இங்கிலீஷை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். முதல் இரண்டு பகுதியில் தூங்கிவிட்டேன், மறைக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பெருக்குகிறான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், ரயில் வருகிறது, போகிறது. நீ மூன்றாவதோடு நிறுத்திவிட்டாயாம், அவனிடம் நீயே சொன்னாய். நாலாவதில்தான் கதையே இருக்கிறது கண்ணு, உடைத்துவிட்டேன் என்று திட்டாதே. அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். அவளுக்குக் கப்பலில் இஞ்சின் பார்க்கிற வேலை. எப்போதோ வருகிறாள், சிரித்துப் பேசி ஆக்கிச் சாப்பிடுகிறார்கள், மறுபடியும் கிளம்புகிறாள். அவள் ஏறின ரயிலுக்குப் பச்சைக் கொடியை அவன்தான் காட்டவேண்டும், வேலை அது. கொடியை ஒரு தடவை சுருட்டிவிடுகிறான். ஆனாலும் காட்டுகிறான். மீனம்பாக்கத்தில் நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது நானும் சிரித்த முகமாகக் கை காட்டினேன், நீ மறைந்த பிறகும் அந்தக் கையை இறக்கவில்லை. அதனால் எனக்கு ஸ்டேஷன்தான் பிடித்திருக்கிறது. உன் கதை போகிறவளோடு போய்விடுகிறது, இது வழியனுப்புகிறவனையும் ஒரு ஆளாக மதிக்கிறது.

ஆனால் கதையை வைத்து ஆளை எடை போடக் கூடாது என்று உனக்குச் சொல்லப்போகிறவன் நானும் அதைச் செய்யலாமா. போன வாரம் நம் வெள்ளைப்பசு கன்று போட முடியாமல் திணறியது. மாட்டு டாக்டர் என்றால் இப்போதைக்கு விஜயராஜைத்தானே தெரியும், கூப்பிட்டதும் வந்தான். கன்று நல்லபடி விழுந்தது, கிடாரி. கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டேன், என் மகளை வேலையை விடச் சொல்வாயா என்று. “அவங்க அங்க வேல செய்றது தெரிஞ்சிதானே மாமா பொண்ணு பாக்கவே வந்தேன். லீவு போட்டு நான் போயி வந்துக்கறேன். ஆனா அந்த சடக்காரி கத மட்டும் சுத்த போரு, எப்பப் பாத்தாலும் சண்ட, அத நான் ஒத்துக்க மாட்டேன்” என்றான். இடம் பார்த்து ஆமாம் போடுகிற பையன் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் செய்தேன். நெட்டப்பாக்கம் போய் அமுதத்திடம், “டிவிக்கு வெச்ச பூ டிவியோட போச்சும்மா, எம்பொண்ணு தலையில இன்னும் யாரும் பூ வெக்கல” என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலில் முகம் சுண்டினார்கள். அப்புறம், “நான் அவசரப்பட்டுட்டேண்ணா, அந்தப் பொண்ணு வாயால சொல்லட்டும்” என்றார்கள். ஆக இன்றைய தேதிக்கு உன்னை எதுவும் கட்டிப்போடவில்லை.

அந்த நாலாவதைப் பார். பார்த்த பிறகும் உனக்கு ஒற்றைச் சடைக்காரிதான் உசத்தி என்றால் அவனிடமே போன் போட்டுச் சண்டை போடு, அவன் நம்பர் உன்னிடம் இருக்கிறது. சண்டை போட நீ ஆசைப்படுவாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லை, வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, போதும். நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். காரணம் கேட்பார்கள். என் மகள் வேண்டாம் என்றாள், அதுதான் காரணம் என்பேன்.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அம்மா போனை நாளைக்காவது எடு, அவள் வாசலில்தான் நிற்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவப்பிரகாசம்