எல்லை தாண்டிய காற்று

ஏப்ரல் 4
வானம் பளிச்சென்று இருந்தது. காற்றுத் தரம் பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் அதிகாரிக்கு வாயெல்லாம் பல். நகரத்துப் புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாம். நல்ல செய்தியாக எழுதச் சொன்னார். எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"நம்ம எல்லையத் தாண்டிடுச்சுல்ல, விடுங்க" என்றார்.

இனி இவர் பெயர் எல்லைச்சாமி.

ஏப்ரல் 6
எங்கே போகும்? வெயிலில் வெந்து, மூச்சுக்குழாயை அரிக்கும் ஓசோன் வாயுவாகி, மாலைக்குள் மலையடிவார ஊரில் போய் நிற்கும். அங்கேதான் அக்கா இருக்கிறாள். அவள் மூச்சிரைப்புக்குச் சுத்தமான காற்று வேண்டுமென்று அத்தான் வீட்டையே அங்கே மாற்றினார். தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, நன்றாக இழுத்து விடு என்று பக்கத்தில் நிற்கிறாராம். விஷம் வந்து சேரும் நேரம் பார்த்து! மேதாவி.

ஏப்ரல் 7
போனில் சொன்னேன். அத்தான் சிரித்தார். "கண்ணுக்கே தெரியலையேம்மா. உங்க ஆபீஸ் அறிவிப்புல வரட்டும், நம்பறேன்."

கடவுளை மட்டும் எப்படி நம்புகிறாரோ.

ஏப்ரல் 9
அந்த ஊருக்கும் எச்சரிக்கை விடலாம் என்றேன். அது வேறு அலுவலகத்தின் பொறுப்பு என்றார் எல்லைச்சாமி. அங்கே கேட்டால், காற்று உங்களிடமிருந்துதானே வருகிறது, நீங்களே சொல்லுங்கள் என்கிறார்கள். சம்பளம் மட்டும் இருவருக்கும் தவறாமல் வந்துவிடுகிறது.

ஏப்ரல் 12
நேற்று போனில் அக்காவால் பேசவே முடியவில்லை. வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சை இழுத்தாள். அத்தான் கண்டுபிடித்த வைத்தியம் — மாடியில் இன்னும் கொஞ்ச நேரம். அட மனுஷா! அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அத எந்த எல்லையில எழுதுவாங்க?

ஏப்ரல் 13
எச்சரிக்கையை நானே வெளியிட்டேன். மதியத்துக்குள் எல்லைச்சாமி மறுப்பு வெளியிட்டார், எனக்கு மெமோவும் கொடுத்தார். அத்தான் எதைப் படித்தார்? மறுப்பைத்தான். நாற்காலி மாடியிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 14
டாக்ஸி பிடித்துப் போனேன். அத்தான் வாசலை மறித்துக்கொண்டு, "அந்தப் புகைக்குள்ளயா கூட்டிட்டுப் போற?" என்றார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மே 2
நகரத்துக் காற்று ஒன்றும் அமிர்தமில்லை. ஆனால் வெயிலில் வெந்த பழைய புகைதான் ஓசோனாகும்; வண்டிகள் அப்போதே கக்கும் புதுப்புகை இருக்கிற ஓசோனையும் தின்றுவிடுகிறது. எங்கள் தெருவில் மாலையில் அது குறைவு. ஜன்னலைச் சாத்தி வைக்கிறோம். அத்தான் தினமும் போனில் உபதேசம். இன்று அக்காவே போனைப் பிடுங்கி, எங்கேயும் நிற்காமல், அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். நான் குறுக்கே போகவில்லை.